உன் சார்பில்

ஜூன் 12

ஆம்புலன்ஸ் அம்மையாருக்கு,

நீ போனபின் வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நான்தான் இடம் மாறிவிட்டேன். சாயங்காலம் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாலுவுக்குச் சாப்பாடு போட்டு, பல் தேய்க்க வைத்து, அவள் கட்டிலில் நீ உட்காரும் பக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுகிறேன். கல்லூரியில் என்னோடு படித்தவன் எவனாவது பார்த்தால், பெண்டாட்டி மிரட்டி உருட்டி ஆளையே மாற்றிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

தலையாட்டியவன் நான்தான், யாரைக் குறை சொல்வது? வாலு பிறந்த புதிதில் நாம் போட்டுக்கொண்ட சட்டம் அது. நீ நம்புகிறவள், நான் நம்பாதவன். குழந்தையிடம் இரண்டையும் சொல்வோம். ஒருவர் வீட்டில் இல்லாதபோது இன்னொருவர் அவருக்காகவும் பேசவேண்டும். கேலி கிண்டல் இல்லாமல், அவரே வந்து பேசுவதைப்போலப் பேசவேண்டும். எப்போதாவது நான் சரக்கு எடுக்க வெளியூர் போனால் நீ என் பக்கம் பேசுவாய் என்ற நினைப்பில்தான் அன்று சரி என்றேன். நீ ஒரு வருஷம் போய், அவசர அழைப்பு மையத்தில் உட்கார்ந்து புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறாய் என்று நான் கண்டேனா?

முதல் நாள் அசடு வழிந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு "கடவுளே" என்று ஆரம்பித்ததும் உன் மகள், "அம்மா மூடிக்குவாங்க" என்றாள். மூடினேன். "அம்மா இவ்வளவு சத்தமா பேசமாட்டாங்க" என்றாள். குறைத்தேன். இப்போது முறை கைவந்துவிட்டது. முதலில் அன்றைக்கு நடந்த ஒரு நல்லதற்கு நன்றி. பிறகு நமக்கு இல்லாமல் வேறு யாருக்காவது ஒன்று கேட்பது. அதன்பின் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது. இந்தக் கடைசிப் பகுதியில் நான் என்ன செய்யவேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போதைக்கு மறுநாள் யாருக்கு எந்த ஃபிரேம் கொடுக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் வந்தால் வாலு அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். நீயும் நாள் முழுக்கக் காதில் குரல்களை வாங்கியபின் காது ஓய்ந்துபோகிறது என்கிறாய். எழுத்து காதைத் தொந்தரவு செய்யாது.

ஒரு வருத்தமான செய்தி. ஸ்கூல் வேன் ஓட்டுகிற மாமா இதயக் கோளாறினால் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். முன் சீட்டில் உட்காரவைத்து, வழியெல்லாம் இவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு போவாரே, அவர்தான். தினமும் அவருக்காகத்தான் கேட்கிறாள். நேற்று என்னிடம், "மாமாவுக்குச் சரியாயிடுமா? அம்மா என்ன சொல்லுவாங்க?" என்றாள். சட்டப்படி உன் சார்பில் பதில் சொல்லிவிட்டேன். கவலைப்படாதே, நன்றாகத்தான் சொன்னேன்.

உன் கண்ணாடிக்காரன்


ஜூன் 21

கண்ணாடிக்காரா,

கடைசிப் பகுதியில் ஒன்றும் செய்யவேண்டாம். ஃபிரேமை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வா.

இங்கே வேலை சரியாக இருக்கிறது. பெரிய கூடம், வரிசையாக மேஜை, ஒவ்வொரு மேஜையிலும் திரை. நான் பயிற்சிக்கு வந்தவர்களின் பின்னால் நின்று, அவர்கள் கேட்பதையெல்லாம் நானும் ஹெட்போனில் கேட்கிறேன். அழைப்பு வந்ததும் அநேகமாக எல்லாரும் முதலில் சொல்கிற வார்த்தை "கடவுளே" என்பதுதான். நாங்கள் முதலில் கேட்பது முகவரி. கடவுளை விட்டு அவர்களை முகவரிக்குக் கொண்டுவருவதுதான் என் பாடத்தில் பாதி.

மீதிப் பாதி, வாக்குக் கொடுக்காமல் இருப்பது. "ஒன்றும் ஆகாது" என்று இங்கே யாரும் சொல்லக்கூடாது. போன வாரம் என்னிடம் பயிற்சி பெறும் ஒரு பெண் இரக்கத்தில் வாய் தவறி, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டாள். அழைத்த ஆளின் அப்பா ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டார். மகன் திரும்ப அழைத்தார், திட்டவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னு தைரியமா இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் எழுந்து போய்க் கழிவறையில் அழுதுவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றாள்.

வாலுவின் ஆடுகிற பல் விழுந்துவிட்டதா? வேன் மாமாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா. நீ கட்டிலில் உட்காருகிறாய் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே நிம்மதியாகவும் இருக்கிறது. நீ கைவிட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

நான்தான்


ஜூலை 3

அம்மையாருக்கு,

பல் விழுந்துவிட்டது. அதற்கும் நன்றி சொல்லியாகிவிட்டது.

நீ சிரிக்க ஒரு செய்தி. நேற்று சாயங்காலம் உன் அக்கா துணி கொடுக்க வந்தவர், கதவு திறந்திருந்ததால் நேராக உள்ளே வந்துவிட்டார். நானும் வாலுவும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம். கண்ணைத் திறந்தால், உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறார். "எனக்குத் தெரியும், ஒருநாள் நீங்க வழிக்கு வருவீங்கன்னு" என்றார். இது என்னுடையது இல்லை, உங்கள் தங்கையுடையது, நான் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று விளக்கிப் பார்த்தேன். காதில் வாங்கினால்தானே? இன்று காலை கடைக்கு வந்த இரண்டு பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தம்பட்டம் அடித்தாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

வழிக்கெல்லாம் நான் வரவில்லை. யாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலம் ஏதாவது ஒரு நல்லதைச் சொல்லவேண்டுமே என்பதற்காகவே பகலில் தேட ஆரம்பித்திருக்கிறேன். இன்று ஒரு தையல்காரர் புதுக் கண்ணாடி போட்டதும், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் இத்தனை ஊசித் தழும்பு இருப்பது அவருக்கே தெரியாதாம். அவரை வாலுவிடம் சொல்வதற்காக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வேன் மாமாவைப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள். வாலு வரைந்து கொடுத்த வேனைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். ஐந்து சக்கரம் போட்டிருக்கிறாள். ஒன்று ஸ்டெப்னியாம். வீட்டுக்கு வந்ததும், "நான்தான் சொன்னேனே" என்று உன் மகள் ஒரே ஆட்டம்.

உன் கண்ணாடிக்காரன்


ஜூலை 16

என்னவென்று எழுதுவதென்று தெரியவில்லை.

வேன் மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்துவிட்டார். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டது என்று அவர் மனைவி சொன்னார்.

வாலுவிடம் நான்தான் சொன்னேன், உள்ளதை உள்ளபடி. அழவில்லை. சாயங்காலம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தே, "அம்மா பொய் சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு, "மாமாவுக்குச் சரியாயிடுமா, அம்மா என்ன சொல்லுவாங்க" என்று கேட்டாள் இல்லையா? நான், "அம்மா என்ன சொல்லுவாங்கன்னா, நீ மனசாரக் கேட்டா கடவுள் கண்டிப்பாக் கேப்பாரு, மாமாவுக்குச் சரியாயிடும்" என்று சொல்லியிருந்தேன். உன்னைப்போலவே, கேலி இல்லாமல், முழு மனதோடு சொன்னேன். நம்புகிறவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு நாளாக உன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாள். குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று நான் சொன்னதெல்லாம் சப்பைக்கட்டு. அவள் பக்கத்திலேயேதான் இருந்தாள்.


ஜூலை 22

நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

எட்டு வருஷமாக அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, "சரியாகிவிடும்" என்று கடவுள் பேரைச் சொல்லி நான் வாக்குக் கொடுத்ததில்லை. கேட்போம் என்றுதான் சொல்வேன். கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாதா? பக்கத்து அறையில் இருந்து தினமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

நான் இங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதைச் சொல்லாதே, சொல்லாதே என்று தொண்டை வறளக் கற்றுக்கொடுக்கிறேனோ, அதையே நீ என் வாயால் என் குழந்தையிடம் சொல்லியிருக்கிறாய். நீ நம்பாதவன் என்பது பிரச்சினை இல்லை. நம்புகிறவர்கள் என்றால் இப்படித்தான், எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிற ஆட்கள் என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறாய் பார், அதுதான் சுடுகிறது.

அவளிடம் போய்ச் சொல். அது நான் சொன்னது இல்லை.


ஜூலை 30

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு என்மேல். நீ சொன்னது சரி. உன்னைப் பற்றி உயர்வாக நினைத்திருந்தேன், உன் நம்பிக்கையைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்திருக்கவில்லை. அது ஒரு தூக்க மாத்திரை என்று வைத்திருந்தேன். அந்த நினைப்பைத்தான் உன் பெயரில் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

வாலுவை உட்காரவைத்து, "அது அம்மா சொன்னது இல்ல. அம்மா அப்படிச் சொல்லவே மாட்டாங்க. நான்தான் அம்மாவைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என்னை அளந்துவிட்டு, "அப்ப அம்மா என்னதான் சொல்லுவாங்க?" என்றாள்.

ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போதும். அம்மாவிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இதற்கு நடுவில் உன் அக்கா வேறு. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நல்லவர்களைக் கடவுள் சீக்கிரமாகத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்வார் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். வாலு யாருக்கும் ரப்பர் கொடுப்பதில்லையாம், வரிசையில் தள்ளுகிறாளாம், தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து விசாரித்தால் அமைதியாக விளக்குகிறாள். நல்லவர்களாக இருந்தால்தானே கூப்பிடுவார்? "நீயும் கொஞ்சம் கெட்டவனா இருப்பா" என்றாள் என்னிடம். பிறகு, நீ அந்த வேலையில் ஊரார் உயிரையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். முகம் மாறிவிட்டது. "அம்மாகிட்டயும் சொல்லு, ரொம்ப நல்லவங்களா இருக்க வேணாம்னு."

சிரித்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய் அங்கே நின்று அழுதேன். உன்னோடு பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள்தான் இதையும் சொல்கிறாள்.

அதனால் நீயே எழுது. வேன் மாமாவுக்காக அவ்வளவு கேட்டாள், அவர் இறந்துவிட்டார். அம்மாவாக நீ என்ன சொல்வாய்? நீ எழுதுவதை ஒரு எழுத்து மாற்றாமல் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உன் கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 9

கண்ணாடிக்காரா,

கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை.

உன் கடிதம் வந்ததும் என் கோபம் போய்விட்டது. விடுமுறை நாளில் காலையிலேயே குளித்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன். நம்புகிறவள் எப்படிப் பேசுவாள் என்று உனக்கும் சேர்த்துத்தான் காட்டிவிடலாம் என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது. ஒரு வரி வரவில்லை. சரி, முதலில் பிரார்த்தனை செய்வோம், பிறகு தானாக வரும் என்று கண்ணை மூடினேன்.

அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊருக்கு வந்தபின் நான் அப்படி உட்காரவே இல்லை.

முதல் வாரம் அசதி. அப்புறம் ஷிஃப்ட் மாறியது. பிறகு எப்போது விட்டுப்போனது என்று எனக்கே தெரியவில்லை. கடவுளோடு சண்டை இல்லை. இங்கே கேட்ட எந்தச் சாவும் என்னை உலுக்கிவிடவும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருக்கும். நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலையைப் பிசகில்லாமல் செய்தேன், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. எதுவும் குறையவில்லை. குறையவே இல்லையே என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து என் முதுகெலும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது, கழற்றி வைத்ததுகூடத் தெரியாத ஒரு பொருளா?

அன்று கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆள் இல்லாத அறை மாதிரி இருந்தது. வெளியே யாரோ வாளி வைக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

நான் இங்கே பிரார்த்தனையை விட்டுவிட்ட நாளெல்லாம், அங்கே நீ என் பெயரைச் சொல்லி உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறாய். இதற்குச் சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாலுவிடம் நீயே நல்லதாக ஏதாவது சொல்லிவிடு. வாக்குக் கொடுக்காமல், மிரட்டாமல், அன்பாக. உனக்கு இப்போது வித்தியாசம் தெரியும். நான் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நான்


ஆகஸ்ட் 16

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவர் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன்.

நீ இப்படி எழுதினால் உள்ளூர நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கல்யாணமான புதிதில் உன்னோடு எவ்வளவு வாதாடியிருக்கிறேன்! இன்றைக்கு நீ வந்து என் பக்கம் நிற்கிறாய், எனக்கோ வருத்தமாக இருக்கிறது. நீ அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன், சும்மாவாவது உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் நீ கேட்டதை மட்டும் என்னால் செய்யமுடியாது. கோபித்துக்கொள்ளாதே.

கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் சிலர் கீழ்வரிசை தெரியாமலேயே ஊகித்துச் சொல்வார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அவர்கள் சொன்னதை நம்பி நான் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் தலைவலிதான் மிச்சம். ஒருமுறை உன்னை ஊகித்துச் சொன்னேன், என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அன்றைக்காவது நீ எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தாய் என்ற நினைப்பில் பேசினேன். இப்போது நீ உன்னிடம் இல்லை என்று சொல்வதை, இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? வெளியூர் போனவளுக்காகப் பேசலாம் என்றுதான் நம் சட்டம். இல்லாத ஒருத்திக்காகப் பேசச் சட்டத்தில் இடம் இல்லை.

உன் மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். பிரார்த்தனை இல்லை. நானும் வற்புறுத்துவதில்லை. தினமும் காலையில் மட்டும், "அம்மா எழுதிட்டாங்களா?" என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். அதற்கு மேல் எனக்குப் பொய் வராது.

உன் கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 24

இல்லாத ஒருத்தி என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. நான் இருக்கிறேன். தெரியாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாதவளுக்கும் மகள் உண்டு.

மற்றபடி நீ சொல்வது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

எனக்கு என்ன பயம் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சுற்றுவாய், கணக்குச் சொல்லிக்கொடுப்பாய், சிரிக்க வைப்பாய். என்னிடம் அவளுக்கு இருந்தது படுக்கப் போகும் முன் அந்தக் கொஞ்ச நேரம்தான். வேலை, வேலை என்று ஓடுகிற அம்மா உட்கார்ந்திருந்து அவள் பார்த்த ஒரே நேரம் அது. அதையும் அம்மா கைவிட்டுவிட்டாள் என்று நானே சொன்னால், பிறகு என்னிடம் அவள் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தன் பக்கத்தில் உட்கார்ந்த நாளெல்லாம் அம்மா நடித்தாளா என்று கேட்டால்? நடிக்கவில்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். வேன் மாமாவைப் பற்றி அம்மா பேசவேண்டும் என்கிறாள் என்று சொல். அப்படிச் சொன்னால் எடுப்பாள். எடுத்ததும் நீ சமையலறைக்குப் போய்விடு. நீ பக்கத்தில் இருந்தால் நான் உன்னைப் பார்த்துப் பேசுவேன்.

பயிற்சிக்கு வந்த அந்தப் பெண் நேற்று என்னிடம், "மேடம், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாம எப்படி ஒருத்தரைத் தைரியப்படுத்துறது?" என்று கேட்டாள். பாடத்தில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் இத்தனை மாதமாக எல்லாருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான்


செப்டம்பர் 1

அன்புள்ள உனக்கு,

அந்த வரியை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று நீ போனில் கேட்டாய், அவள் பக்கத்தில் இருந்ததால் அப்போது சொல்லமுடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ சொன்னபடி போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்கவும் ஒன்றும் இல்லை. வெகு நேரம் அவள் பக்கத்தில் சத்தமே வரவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "அப்பா மாதிரியா?" என்றாள். நீ என்ன பதில் சொன்னாயோ தெரியாது. ஏதாவது எக்கச்சக்கமாகியிருந்தால் நானே உன் பேச்சை மறித்துக்கொண்டு ஓடிவந்திருப்பேன்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கொண்டுவந்து போட்டாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல் தேய்த்துவிட்டுப் போனாள். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், விளக்கை அணைத்துவிடலாம் என்று போனேன்.

கட்டிலில், நீ உட்காரும் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். "நீ அங்க உக்காரு" என்று தன் தலையணையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். "கண்ணை மூடு" என்றாள்.

மூடினேன். பிறகு அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"இன்னைக்கு அம்மா எங்கிட்ட பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு நன்றி."

அடுத்து, வேன் மாமாவின் மனைவிக்காகக் கேட்டாள். அவருக்கு, மாமா போன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வாராவாரம் சீக்கிரம் கடந்துவிடவேண்டுமாம். அதன்பின் பேசாமல் இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

உன்னிடம் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் நன்றி என்றபோது நானும் வாய்விட்டு, "நன்றி" என்றேன். யாருக்குச் சொன்னாய் என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தக் கட்டிலில் நான் பேசியதெல்லாம் உன் சார்பில்தான். அது மட்டும் உன் சார்பில் சொன்னது இல்லை.

உன் கண்ணாடிக்காரன்